சித்திரசாலையில் விநோத விலங்குகள்

பளையிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றாலும், தெற்கே ஆனையிறவைக் கடந்து கிளிநொச்சிப் பக்கம் சென்றாலும், வழியிலுள்ள கோயில்களுள் ஓரளவு வசதி படைத்த எதனுடைய வாகனசாலையையும் கொடியேற்றத்துக்கு முந்திய நாட்களிற் பார்ப்பவர்கள், எந்தக் காட்டிலும் காணக் கிடைக்காத ஒரு விலங்குக் கூட்டத்தின் முன்னே நிற்பார்கள். வேட்டைத் திருவிழாவை எதிர்பார்த்து முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்ந்தபடியே நிற்கும் குதிரை. பெண்முகமும் பசுவுடலும் மயிற்றோகையும் ஒருங்கே வாய்ந்த காமதேனு. சிங்கத்தின் முகத்தில் யானையின் துதிக்கை முளைத்த யாளி. கொம்பை வளைத்து முட்டப் பார்க்கும் முருகனின் ஆட்டுக்கடா. தன்னிலும் எத்தனையோ மடங்கு பெரிய பிள்ளையாரைச் சுமக்கப்போகும் பெருமிதத்தோடு காதை நிமிர்த்திய எலி. இவையெல்லாம் மரத்திலே செதுக்கப்பட்டு, கண்ணைப் பறிக்கும் வர்ணம் பூசப்பட்டு, ஆண்டின் பெரும்பகுதியை இருளிலே கழித்துவிட்டுத் தத்தமக்குரிய இரவு வந்ததும் வீதிவலம் புறப்படுகின்றன.

கோயிலுக்கு வெளியேயும் இந்த விநோத சிருஷ்டி ஓய்ந்ததில்லை. பளை அடங்கிய, பனையும் தென்னையும் செறிந்த பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்திலே, குருத்தோலை ஒன்று கையில் அகப்பட்டால் அதைக் கிளியாகவும் பாம்பாகவும் வெட்டுக்கிளியாகவும் மடித்துப் பேரப்பிள்ளையின் கையிற் கொடுக்கத் தெரியாத ஆச்சிமார் முன்னாளில் அரிதாகவே இருந்தனர். சூப்பி முடித்த பனங்கொட்டையின் தும்பைச் சீவி, கரிக்கட்டியாற் கண்ணும் மூக்கும் வைத்து, அதைத் தாடிக் கிழவனாகவோ சடைநாயாகவோ ஆக்கிவிடும் சிறுவர்களும் இருந்தார்கள். இவர்களில் ஒருவரும் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை. பிறரும் அவர்களை அப்பெயரால் அழைத்ததில்லை.

இந்த மரக் கடாவையோ ஓலைக் கிளியையோ எடுத்துச் சென்று, கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் உள்ள சித்திரசாலைகளின் வெண்சுவர்களருகே வைத்தால், அவை அங்கே இருக்கத் தகுந்தவையென்று ஏற்றுக்கொள்ளப்படுமா? ஏற்பதும் மறுப்பதும் யாருடைய அதிகாரம், எந்த நியாயத்தின்பாற்பட்டவை? இக்கேள்விகள் கலைவிமரிசகர்களுக்கு மாத்திரம் உரியவையென்று சாமானிய வாசகர் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. ஒரு சமூகம் எவற்றைப் போற்றிப் பாதுகாக்கிறது, எவற்றைத் தூசி படியவிட்டு மறக்கிறது என்பதை இக்கேள்விகளுக்கான விடைகளே நிர்ணயிக்கின்றன.

விலங்கை விளையாட்டாகப் படைக்கும் கலை, மேலைத்தேயச் சித்திரசாலைகளின் வாசலில் நெடுங்காலம் இரண்டு தடைகளை எதிர்கொண்டது. ஒன்று, அது விலங்கைப் பற்றியது என்பது. மற்றொன்று, அது சிரிப்பை மூட்டுவது என்பது. முதலாவது தடைக்கு எழுத்து வடிவம் தந்தவர் பிரான்சு தேசத்து அந்திரே பெலிபியான். அரச கலைக்கழகத்தின் சொற்பொழிவுகளுக்கு 1667 இல் அவர் எழுதிய முன்னுரையிலே, சித்திரக்காரரை அவர்கள் வரையும் பொருளைக் கொண்டே தரம் பிரித்தார். பழத்தையும் பூவையும் வரைபவன் கீழ்ப்படியில் நின்றான். உயிருள்ள விலங்கை வரைபவன் அவனுக்கு மேலே. மனித உருவை வரைபவன் அதற்கும் மேலே. சரித்திரத்தையும் புராணத்தையும் வரைபவனே உச்சியில். எவ்வளவு நுட்பமாக வரையப்பட்டாலும் குதிரை குதிரைதான், அதன்மேல் வீற்றிருக்கும் அரசனுக்கு அது நிகராகாது என்னும் அபிப்பிராயம் இவ்வாறு ஓர் ஒழுங்குமுறையாக நிலைபெற்று, ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் ஐரோப்பியக் கலையுலகை ஆண்டது.

ஆங்கிலேயரான ஜோர்ஜ் ஸ்ரப்ஸ் இந்த ஒழுங்கின் பாரத்தைத் தம் வாழ்நாளெல்லாம் சுமந்தவர். இறந்த குதிரைகளை ஒரு பண்ணைவீட்டிலே வைத்து மாதக்கணக்காக அறுத்து, நரம்பும் தசையும் எலும்பும் பொருந்தியிருக்கும் விதத்தை ஆராய்ந்து, 1766 இல் குதிரையின் உடற்கூற்றைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் விஞ்ஞானிகளின் மதிப்பையும் பெற்றது. அப்படியிருந்தும் அக்காலத்தவர் அவரைக் குதிரை வரைபவர் என்ற எல்லைக்குள்ளேயே வைத்துப் பேசினர். பின்னணியில் ஒரு மரமோ ஒரு மனிதனோ இல்லாமல், ஏறக்குறைய மெய்யான குதிரையின் அளவிலேயே, 1762 ஆம் ஆண்டளவில் அவர் தீட்டிய 'விசில்ஜாக்கற்' என்னும் பந்தயக் குதிரையின் சித்திரத்தை இலண்டன் தேசிய சித்திரசாலை 1997 இல் 1 கோடியே 10 இலட்சம் பவுண் கொடுத்து வாங்கியது. இடைப்பட்ட காலத்தில் அந்தச் சித்திரத்தில் ஒரு கோடும் மாறவில்லை. பார்ப்பவர்களின் தராசே மாறிவிட்டது.

நகையைப் பற்றிய இரண்டாவது தடையைத் தமிழ் மரபு நமக்கு விதிக்கவில்லை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்துரைத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். வடமொழி நாட்டிய சாஸ்திரமும் ஹாஸ்யத்தைச் சிருங்காரத்துக்கும் கருணைக்கும் பக்கத்திலே அமர்த்தியது. பக்தியும் நகையும் ஒன்றோடொன்று பகைத்தவையென்று நம் சிற்பாசாரியர் கருதியதில்லை என்பதற்கு மாமல்லபுரத்துப் பாறை சான்று பகர்கின்றது.

ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்குவித்த அந்தப் பெரும்பாறையை அருச்சுனன் தபசு என்பாரும் உண்டு, கங்கை இறங்கிய காட்சி என்பாரும் உண்டு. தேவர்களும் முனிவர்களும் நாகர்களும் யானைகளும் திரண்டு நிற்கும் அந்த மகோன்னதமான காட்சியிலே, மேலே ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் புரியும் மெலிந்த தபசியின் கோலத்தை அப்படியே பின்பற்றி, கீழே யானையின் அருகில் ஒரு பூனையும் பின்னங்காலில் எழுந்து முன்னங்கால்களைத் தலைக்குமேல் கூப்பி நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள் அச்சமின்றித் திரிகின்றன. பாரதத்திலே கூறப்படும் பொய்த்தவப் பூனையின் கதையைச் சிற்பி கல்லில் வடித்தான் போலும். ருத்திராட்சப் பூனை என்று ஊரில் ஒரு கபடனைச் சுட்டும்போது நாம் சிரிக்கும் அதே சிரிப்பைத்தான், தவத்தின் மகிமையைப் போற்றுவதற்காக எழுந்த சிற்பத்தின் நடுவிலேயே அந்தப் பல்லவச் சிற்பி துணிந்து வைத்தான். அதே பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. சற்றுத் தள்ளித் தனிக்கல்லாகச் செதுக்கப்பட்ட குரங்குக் குடும்பத்திலே ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது, குட்டி தாயின் மடியிற் கிடந்து பால் குடிக்கிறது. இவற்றைச் செய்தவன் விலங்குகளின் பக்கத்திலே பொறுமையாக நெடுநேரம் உட்கார்ந்திருந்தவன் என்பதில் ஐயமில்லை. அவனுடைய விநோதம் முழுவதும் அந்தக் கூர்ந்த அவதானத்தின்மேலேயே கட்டப்பட்டிருக்கிறது.

நமது தீவிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. அநுராதபுரத்து இசுருமுனியாவில், குளத்து நீர் தொடும் பாறைப்பிளவின் ஓரங்களிலே செதுக்கப்பட்ட யானைகள் நீராடிக் களிப்பதைக் கண்ட அறிஞர் பலர், அவற்றிலே பல்லவக் கையின் சாயலைக் கண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே இரண்டாம் இராசராச சோழன் எழுப்பிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், ஒரே தலையை யானையும் எருதும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தை மறைத்தால் எருது, மறுபக்கத்தை மறைத்தால் யானை. எருதின் கொம்பாகத் தோன்றிய கோடே மறுகணம் யானையின் தந்தமாகிவிடுகிறது. உசபகுஞ்சரம் என்ற பெயருடன் இதே யுக்தி சிங்களக் கலைஞரிடமும் வழங்கிவந்தது. பெண்கள் பலர் ஒருவரோடொருவர் பின்னிப் பிணைந்து ஒரு யானையின் உருவமாகும் நாரிகுஞ்சரமும் அவ்வாறே கடலின் இருகரைக்கும் பொதுவானது.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து, படம் எடுத்து, மதிப்புரைத்து உலகின் முன்னே வைத்தவர் நம்மவரே. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராக 1877 இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, முதலில் மண்ணியல் விஞ்ஞானியாக இலங்கையின் கனிப்பொருளாய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கினார். பாறைகளைத் தேடி ஊரூராகச் சென்றவருடைய கண்கள், ஊர்க் கம்மியரும் தச்சரும் நெசவாளரும் செய்துவைத்த பொருள்களிலே தங்கின. 1908 இல் அவர் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல், அன்னமும் மகரமும் கஜசிங்கமும் இருதலைப் பட்சியும் நாரிகுஞ்சரமும் போன்ற கற்பனை விலங்குகளுக்கு, வேறெந்த அலங்காரத்துக்கும் குறையாத கௌரவத்தை அளித்து விவரிக்கிறது. இங்கிலாந்திலே, தாம் வசித்த ஊரின் அச்சகத்திலே, 425 பிரதிகள் மாத்திரமே கையச்சு முறையில் அந்நூல் அச்சாயிற்று.

பக்தியோடு நகையைச் சேர்க்கும் வழியிலே யப்பானியரும் நடந்தவர்களே. கியோத்தோ நகருக்குரிய கோசான்ஜி என்னும் பௌத்த மடாலயத்தின் நான்கு சித்திரச் சுருள்களில், முயலும் தவளையும் மல்யுத்தம் செய்கின்றன; வாழையிலையின் முன்னே புத்தரைப்போல் அமர்ந்திருக்கும் தவளையின் எதிரில் ஒரு குரங்கு துறவியின் அங்கி தரித்து ஓதுகிறது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வெறும் கறுப்பு மையினால் வரையப்பட்ட இச்சுருள்கள் இன்று அந்நாட்டின் தேசியப் பொக்கிஷங்கள். அவற்றைக் காண மக்கள் நூதனசாலை வாசல்களிலே நெடுவரிசையாக நிற்கிறார்கள்.

மாமல்லபுரத்துப் பூனைக்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கழித்துக் கல்கத்தாவில் ஓர் இளைய சகோதரன் பிறந்தான். காளிகட்டிலுள்ள காளிகோயிலைச் சுற்றிக் கடை விரித்திருந்த படுவர் என்னும் சித்திரக்காரர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாத்திரிகருக்கு விற்பதற்காக மலிவான ஆலைக் காகிதத்தில், ஒரே வீச்சில் இழுத்த தடித்த கோடுகளால் தெய்வப் படங்களை வரைந்தனர். தெய்வங்களோடு ஒரு பூனையையும் வரைந்தார்கள். நெற்றியிலே நாமம், வாயிலே இறால் அல்லது மீன். புலால் மறுத்த வைணவ பக்தனின் வேடம் பூண்ட கபடனை அது தோலுரித்துக் காட்டிற்று. ஓரிரு காசுக்கு வாங்கி மடித்து எடுத்துச் செல்லப்பட்ட அந்தப் படங்களுள் மிகப்பல கறையானுக்கும் மழைக்கும் இரையாயின. இயந்திர அச்சுப் படங்கள் சந்தைக்கு வந்தபின் அத்தொழிலே அழிந்துபோயிற்று. ஆனால் ஆங்கிலேயர் சிலர் அவற்றைச் சேகரித்து வைத்திருந்தனர். அவர்களுள் ஒருவரான லொக்வுட் கிப்ளிங்கின் தொகுப்பை அவருடைய மகன், எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங், 1917 இல் இலண்டன் விக்ரோரியா அல்பேர்ட் நூதனசாலைக்கு வழங்கினார். உலகிலேயே மிகப் பெரிய காளிகட்டுச் சித்திரத் தொகுதி இன்று அங்கேதான் இருக்கிறது. அந்தத் தடித்த கோட்டைத் தம்முடையதாக்கிக்கொண்ட வங்காள ஓவியர் ஜாமினி ராயும் இறாலைக் கவ்விய பூனையைத் தீட்டினார். அவருடைய சிருஷ்டிகளோ இந்திய நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லத் தடைசெய்யப்பட்ட தேசியச் செல்வங்களாகிவிட்டன. சந்தைப் பூனை மூன்று தலைமுறையில் நாட்டின் சொத்தாயிற்று.

அதே 1917 ஆம் ஆண்டிலேதான் ஆனந்த குமாரசுவாமி அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப்பகுதிக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். 1947 இல் மறையும் வரை அங்கேயே பணியாற்றிய அவர், கலைப்பொருள்களை எதற்காகக் காட்சிக்கு வைக்கிறோம் என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். நூதனசாலையில் இருப்பவற்றுள் எதுவும் நூதனசாலைக்காகச் செய்யப்பட்டதன்று. கோயிலுக்கோ வீட்டுக்கோ ஒரு தேவையை முன்னிட்டுச் செய்யப்பட்டவை அவை. ஆகையால் நுண்கலை வேறு, கைத்தொழில் வேறு என்ற பிரிவினை பொய்யானது. அப்பொருள் யாருக்கு எதற்குப் பயன்பட்டது என்பதை மக்களுக்குக் கற்பிப்பதே நூதனசாலையின் கடமை. வெறுங் களிப்பூட்டல் அதன் கடமையாகாது. இதுவே அவர் வாதத்தின் சாரம். உயிரோடிருக்கும் கலைஞரின் படைப்புகளை நூதனசாலைகள் வைக்க வேண்டியதில்லை, ஏனெனில் அவை அழிந்துவிடும் அபாயத்தில் இல்லை என்றும் அவர் கருதினார். இந்தக் கடைசிக் கருத்தைப் பளைப் பக்கத்தில் வாழ்பவர்கள் எளிதில் ஏற்க இயலாது. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்வேன்.

இனி, சித்திரசாலையை நடத்துபவர்கள் ஒரு படைப்பைத் தேரும்போது நடைமுறையில் எவற்றைக் கவனிக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். பொது நூதனசாலை, விற்பனைச் சித்திரசாலை, தற்காலக் கலைக்கூடம் ஆகிய மூன்றின் நோக்கங்களும் வேறு வேறு. பொது நூதனசாலை ஒரு பொருளின் பூர்வீகத்தையும், அது எந்த மரபுக்குச் சான்றாகிறது என்பதையும், கெடாமற் பேண முடியுமா என்பதையும் முதலிற் கேட்கும். விற்பனைச் சித்திரசாலை, கலைஞரின் பெயர் நிலைக்குமா, வாங்குவோர் உண்டா என்பதைக் கணக்கிடும். சுவர் வாடகையும் மின்சாரச் செலவும் அங்கே மெய்யான நிர்ப்பந்தங்கள். தற்காலக் கலைக்கூடமோ, அந்தப் படைப்பு நம் காலத்தின் எந்தக் கேள்வியைத் தொடுகிறது என்று ஆராயும். மூன்றுக்கும் பொதுவான ஓர் எதிர்பார்ப்பும் உண்டு. ஒரு நல்ல படத்தோடு நின்றுவிடாமல், ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒரே தேடலைத் தொடர்ந்து, படத்துக்குப் படம் வளர்ந்திருக்கிறாரா என்பதே அது. நாய்க்குத் தொப்பி போட்டு ஒருமுறை வரைந்தவருக்கும், நாயின் வழியாக மனிதரைப் பற்றிப் பல்லாண்டு சிந்தித்தவருக்கும் உள்ள வேற்றுமையை அவர்கள் இவ்விதமே அளக்கிறார்கள்.

விளையாட்டு விலங்குகளுள் எல்லாமே இந்தப் பரீட்சையில் தேறிவிடுவதில்லை. நாய்கள் மேசையைச் சுற்றியிருந்து சுருட்டுப் புகைத்துச் சீட்டாடும் படங்களை உலகத்தில் அறியாதவர் குறைவு. அமெரிக்கரான கசியஸ் கூலிட்ஜ், நாட்காட்டிகளும் விளம்பரங்களும் அச்சிடும் ஒரு நிறுவனத்துக்காக 1903 முதல் வரைந்தவை அவை. 2005 இல் அவற்றுள் இரண்டு நியூயோர்க் ஏலத்தில் 590,400 டொலருக்கு விலைபோயின. அப்படியிருந்தும், விலை உயர்ந்த அளவுக்கு விமரிசகரின் மதிப்பு உயரவில்லை. நாயின் இயல்பைப் பற்றி அப்படங்கள் நமக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை என்பதே காரணம். மனிதரின் சட்டையை நாய்க்கு மாட்டியவுடன் விநோதம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பூனையின் முதுகெலும்பு எப்படி நிமிரும் என்பதை அறிந்து செதுக்கிய பல்லவச் சிற்பியின் நகைச்சுவையோ, ஆயிரம் முறை பார்த்தாலும் தீர்வதில்லை.

விளையாட்டும் வித்தையும் ஒன்றாக இணைய முடியும் என்பதைத் தம் வாழ்க்கையினாலேயே நிரூபித்தவர் கே. ஜி. சுப்பிரமணியன். 1924 இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்திலே பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, வெள்ளையனே வெளியேறு இயக்கத்திற் சிறைசென்ற காரணத்தால் அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அடைக்கப்பட்டுச் சாந்திநிகேதனத்துக்குப் போய், நந்தலால் போசு முதலிய ஆசான்களிடம் பயின்றவர் அவர். பரோடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த காலத்திலே, மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து நடத்திய நுண்கலைச் சந்தைக்காக, தோலும் மரமும் மணியும் கொண்டு விளையாட்டுப் பொம்மைகள் செய்தார். இன்ன விலங்கென்று துணிந்து பெயரிட முடியாத, எனினும் ஏதோ ஒரு விலங்கின் துடிப்பு முழுவதும் நிறைந்த உருவங்கள் அவை. பிள்ளைகளுக்காக விலங்குக் கதைகளை எழுதி, தாமே படமும் அமைத்தார். இவற்றைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிட்டுப் பெரிய ஓவியங்களை மட்டும் தம் சிருஷ்டியாக அவர் கணக்கிட்டதில்லை. சுவரோவியமும் பொம்மையும் ஒரே மொழியின் பெரிய சொல்லும் சிறிய சொல்லும் என்பதே அவருடைய கொள்கை. 2016 இல் அவர் மறைந்தபோது, நாட்டின் பத்ம விபூஷண் விருதையும் பெற்ற பெருங்கலைஞராக மதிக்கப்பட்டார். அவருடைய பொம்மைகளும் அந்த மதிப்பிற் பங்குபெற்றன.

மத்தியப் பிரதேசத்துக் காட்டுக் கிராமமான பட்டாங்கரிலே, கோண்டு குலத்து இளைஞரான ஜங்கட் சிங் ஷியாம் மண்சுவரில் வரைந்திருந்த உருவங்கள், எண்பதுகளின் தொடக்கத்தில் ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழுவினரின் கண்ணிற் பட்டன. 1982 இல் போபாலிலே திறக்கப்பட்ட பாரத் பவனில், நகரத்து ஓவியருக்கும் ஆதிவாசி ஓவியருக்கும் சமமான இடம் தரவேண்டுமென்ற சுவாமிநாதனின் பிடிவாதம், ஜங்கட்டின் மான்களையும் பறவைகளையும் உலகுக்குத் திறந்துவிட்டது. 1989 இல் பாரிசு நகரத்துப் பெருங்காட்சியிலும் அவர் இடம்பெற்றார். அவருடைய உறவினரான பஜ்ஜு ஷியாம், இலண்டனிலுள்ள ஓர் உணவுச்சாலைச் சுவரில் சித்திரம் தீட்டச் சென்று, அந்த மாநகரத்தை விலங்குகளாகவே கண்டு திரும்பினார். மணிக்கூட்டுக் கோபுரம் அவருக்கு நேரம் அறிவிக்கும் சேவலாயிற்று. தவறாமல் வந்து ஏற்றிச்செல்லும் சிவப்புப் பேருந்து விசுவாசமுள்ள நாயாயிற்று. நிலத்தடிப் புகையிரதம் மண்புழுவாயிற்று. ஆகாயவிமானம் பறக்கும் யானையாயிற்று. சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் 2004 இல் இவற்றை நூலாக்கிற்று. 2018 இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தன் ஊரின் கண்ணைக் கழற்றிவைக்காமல் அந்நிய நகரத்தைப் பார்த்த நேர்மையே அப்படங்களின் பலம்.

நம் நாட்டிலே, 1943 இல் கொழும்பில் உருவான 'நாற்பத்து மூன்று குழு' அதுகாலவரை நிலவிய ஆங்கிலேயச் சம்பிரதாயத்தின் பிடியிலிருந்து இலங்கை ஓவியத்தை விடுவித்தது. அக்குழுவைச் சேர்ந்த றிச்சர்ட் கேப்ரியல் மாடுகளையும் சேவற்போரையும் மிகுந்த பரிவோடு தீட்டினார். 2021 இல் காலமான லக்கி சேனநாயக்க, ஆந்தையையும் பறவைகளையும் தம் வாழ்நாள் தோழராகக் கொண்டவர். கண்டலம ஹோட்டலிலே படிக்கட்டின் மேலே சிறகு விரித்து நிற்கும் அவருடைய பேராந்தையைக் காணச் செல்வது எல்லாருக்கும் இயல்வதன்று. ஆனால் 1979 இல் மத்திய வங்கி வெளியிட்ட நாணயத்தாள் வரிசையிலே அவர் தீட்டிய பறவைகளும் மீன்களும் வண்ணத்துப்பூச்சிகளும் பல்லி இனங்களும், பளைச் சந்தையில் தேங்காய் விற்றவரின் மடியிலும் இருந்தன. கொழும்பிலே 1993 முதல் ஆண்டுதோறும் வீதியோரத்தில் நடைபெறும் 'கலா பொல' என்னும் ஓவியச் சந்தை, மக்கள் விரும்பி வாங்கும் யானைகளுக்கும் மயில்களுக்கும் இடந்தருகிறது. 2019 ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பிலேயே தொடங்கப்பட்ட நவீன, தற்காலக் கலை நூதனசாலை, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தன் விளக்கங்களை எழுதி வைக்கிறது. தன் மொழியிலே விளக்கம் கிடைக்கும்போதுதான் ஒருவர் சித்திரசாலைக்குள் அந்நியராக நிற்பதில்லை.

சித்திரசாலைக்குள் சென்றுவிட்டால் எல்லாம் லாபமே என்றும் சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலே குயவர் ஐயனாருக்கு நேர்ந்து செய்துவைக்கும் மண்குதிரைகள் மழையிலும் வெயிலிலும் கரைந்து மண்ணோடு மண்ணாகும். அவை கரையக் கரையப் புதிய குதிரைகள் பிறக்கும். கரைவதும் அந்த வழிபாட்டின் ஓர் அங்கமே. 1968 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நூதனசாலையிலே ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்னும் பேரறிஞர் இந்தியக் கிராமங்களின், ஆதிவாசிகளின் வழிபாட்டுக் கலைகளைக் காட்சியாக்கியபோது, இவ்வகைக் கலைகளுக்கு உலக மதிப்புக் கிடைத்தது உண்மை. அதே வேளையில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த குதிரைக்கு அதன் நேர்த்திக்கடனும் பூசாரியும் ஊரும் இல்லை என்பதும் உண்மையே. ஆகவே நல்ல சித்திரசாலை, பொருளைக் காட்டுவதோடு அதன் ஊரையும், செய்தவரின் பெயரையும், அது நின்ற இடத்தையும் கூடவே காட்டக் கடமைப்பட்டது.

ஒரு விநோத விலங்கின் முன்னே நிற்கும் சாமானிய ரசிகருக்கு, நிபுணரின் துணையின்றியே தெளிவு தரக்கூடிய மூன்று வினாக்கள் உண்டென்பது என் துணிபு. இதைப் படைத்தவர் அந்த விலங்கை மெய்யாகவே அவதானித்திருக்கிறாரா? கலந்த உருவமானால், யானையின் தலையும் எருதின் உடலும் ஒரே உயிராக மூச்சுவிடுகின்றனவா, அல்லது ஒட்டுப்போட்டவையாகப் பிரிந்து நிற்கின்றனவா? முதற் சிரிப்பு அடங்கியபின்னும் நம்மை நிறுத்திவைக்கும் ஏதேனும் அதில் எஞ்சியிருக்கிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை கிடைக்குமானால், அதைச் செய்தவர் கலைக்கல்லூரியிற் படித்தாரா, கோயில் வீதியிலே கொட்டிலமைத்து வேலை செய்தாரா என்பது பொருட்டில்லை. வடபுலத்து வாகனங்கள் பல இந்தப் பரீட்சையில் சந்தேகத்துக்கிடமின்றித் தேறுகின்றன. பாயும் குதிரையின் கழுத்து வளைவிலே மரத்தின் பாரமே மறைந்துபோகிறது. காமதேனுவின் முகத்துக்கும் தோகைக்கும் இடையில் பசுவின் சாந்தம் கெடாமல் ஓடுகிறது.

குமாரசுவாமியின் கருத்தோடு நமக்குள்ள வேற்றுமைக்கு இப்போது வருவோம். உயிரோடிருக்கும் கலைஞரின் படைப்புகளுக்கு அபாயமில்லை என்று அவர் கருதியது, அவர் கண்ட உலகிற்குப் பொருந்தியிருக்கலாம். பளையும் முகமாலையும் ஆனையிறவும் ஆண்டுக்கணக்காகப் போர்முனையாயிருந்தன. சனங்கள் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தார்கள், கோயில்கள் இடிந்தன, 2009 இல் போர் ஓய்ந்தபின்னும் முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடிகளை அகற்றும் பணி பல ஆண்டுகள் நீண்டது. தெய்வத் திருமேனியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடலாம். நான்கு பேர் தோள்கொடுத்துத் தூக்கும் மரக் குதிரையை எப்படிக் கொண்டோடுவது? உயிரோடிருந்த ஒரு கலை, அதன் பயன்பாட்டின் நடுவிலேயே அழியக்கூடும் என்பதை இந்த மண் கண்டறிந்தது. நகையும் விளையாட்டும் நிறைந்த இச்சிருஷ்டிகளுக்கு நாம் உரிய மதிப்பைத் தரத் தவறினோமானால், போர் விட்டுவைத்தவற்றையும் மறதி கொண்டுபோய்விடும்.

ஆதலால் இங்கே செய்யவேண்டியவை சில உண்டு. அவற்றுக்குப் பெருந்தொகைப் பணமும் தேவையில்லை. வழிபாட்டிலுள்ள வாகனத்தைக் கோயிலை விட்டு அகற்றுதல் கூடாது. அது தன் திருவிழாவுக்கு உரியது. ஆனால் ஒவ்வொரு வாகனத்தையும் நாற்புறமும் படமெடுத்து, செய்த ஆசாரியாரின் பெயர், ஊர், ஆண்டு, மரம் ஆகியவற்றை முதியவர்களிடம் கேட்டுப் பதிந்து வைக்கலாம். திருவிழா நெருங்கும் அவசரத்திலே பழைய வர்ணத்தின்மேல் பளபளக்கும் எனாமல் பெயின்ற் பூசி நுட்பமான செதுக்கலை மூடிவிடுவதற்கு முன், அந்த வேலை தெரிந்தவரை ஒருமுறை அழைத்துக் காட்டலாம். சிதைந்து, இனிச் சுவாமியை ஏற்றமுடியாதென்று ஒதுக்கப்பட்டவற்றை விறகாக்காமல், கிளிநொச்சியிலே பொதுநூலகத்தோடோ பாடசாலையோடோ சேர்ந்த ஓர் அறையில் வைக்கலாம். அதே அறையிலே ஆச்சிமார் மடிக்கும் ஓலைக் கிளிக்கும் ஒரு தட்டு ஒதுக்கி, அதை மடிக்கும் முறையைப் பிள்ளைகள் அங்கேயே கற்றுக்கொள்ள வாரத்தில் ஒரு நாளைக் குறிக்கலாம். சித்திரபாட ஆசிரியர்கள், அச்சுப் படத்திலுள்ள மலைநாட்டு வீட்டையும் சூரியோதயத்தையும் பார்த்து வரையச் சொல்வதற்குப் பதிலாக, மாணவரை வாகனசாலைக்கு அழைத்துச் சென்று யாளியை வரையச் சொல்லலாம். வீட்டுக் கொல்லையிலுள்ள ஆட்டை ஒரு மணிநேரம் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம்.

சித்திரசாலை என்பது ஒரு கட்டடமாவதற்கு முன் ஒரு தீர்மானமாக இருக்கிறது: இது காக்கப்பட வேண்டும், இதைச் செய்தவரின் பெயர் சொல்லப்பட வேண்டும், இதை நம் பிள்ளைகள் நின்று பார்க்க வேண்டும் என்று ஓர் ஊரார் கூடிச் செய்யும் தீர்மானம். காளிகட்டுப் பூனைக்காக அத்தீர்மானத்தை இலண்டன் செய்தது; பட்டாங்கர் மான்களுக்காகப் போபால் செய்தது; கோசான்ஜித் தவளைகளுக்காக யப்பான் நாடே செய்தது. நமது மரக்குதிரைக்கும் ஆட்டுக்கடாவுக்கும் ஓலைக் கிளிக்குமாக அதைச் செய்யும் பொறுப்பு பிறருடையதன்று. இந்த ஊர்களில் வாழும் நமக்கே உரியது. எந்தச் சித்திரசாலையின் அனுமதிக்காகவும் அதற்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை.